மலை மேல் நோயாளியைப் பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் புதிதாக வார்டுக்கு வரும் நர்சிங் மாணவ மாணவிகள், கிராமத்துப் பணிக்கு வந்த செவிலியர்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் வீட்டு ஆட்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாடப்புத்தகம் பெரும்பாலும் சமவெளியை நினைத்து எழுதப்பட்டது. இங்கே உயரம், குளிர், தூரம் மூன்றும் சேர்ந்து கணக்கை மாற்றிவிடும். அப்படி மாறுகிற இடங்களில் நீளமாகவும் மற்ற இடங்களில் சுருக்கமாகவும் பதில் இருக்கும்.

நோயாளி வந்ததும் முதலில் பல்ஸ் பார்ப்பதா, பி.பி. பார்ப்பதா?

முதலில் ஆளைப் பாருங்கள். வாசலிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்கிறாரா, இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துகிறாரா? தானாக நடக்கிறாரா, தாங்கிப் பிடித்துக் கூட்டி வருகிறார்களா? கண் நம்மைப் பார்க்கிறதா? ஜனவரி மாதம் ஊட்டியில் ஒருவர் நெற்றியில் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தால் மற்றதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். மாரடைப்பு, சர்க்கரை தாழ்ந்துபோவது, பூச்சிமருந்து விஷம் என்ற மூன்றும் உடனே மனதில் வர வேண்டும்.

அதற்குப் பிறகு வரிசை உலகம் முழுக்க ஒன்றுதான். மூச்சுப் பாதை திறந்திருக்கிறதா, மூச்சு ஓடுகிறதா, ரத்த ஓட்டம் சரியா, நினைவு தெளிவா, கடைசியாகத் துணியை விலக்கி உடம்பைப் பார்ப்பது. கடைசிப் படியை இங்கே பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, அதற்கும் மேல் கம்பளி என்று போர்த்திக்கொண்டு வருபவரிடம் "கழற்றுங்கள்" என்று சொல்லத் தயக்கம். உள்ளே காயம் இருக்கலாம், தடிப்பு இருக்கலாம், முதுகில் புண் இருக்கலாம். ஸ்கிரீனை இழுத்துவிட்டு ஒவ்வொரு பகுதியாகத் திறந்து பார்த்து, பார்த்த பகுதியை உடனே மூடிவிடுங்கள்.

மதிப்பீடு, பிரச்சினையைக் கண்டறிதல், திட்டம், செயல், மறுமதிப்பீடு என்ற ஐந்து படிகள் பரீட்சைக்கு மட்டும்தானா?

இல்லை. பெயர் சொல்லாமல் எல்லாரும் தினமும் செய்வதுதான். தவறிப்போவது ஐந்தாவது படி. மூச்சு வாங்குகிறது என்று தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தீர்கள், ஆக்சிஜன் போட்டீர்கள். சரி, பதினைந்து நிமிடம் கழித்து போய்ப் பார்த்தீர்களா? வலி ஊசி போட்ட பிறகு வலி குறைந்ததா என்று கேட்டு எழுதினீர்களா? அது சார்ட்டில் இல்லை என்றால் மற்ற நான்கும் அரைகுறைதான்.

ஊட்டியில் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 95 காட்டினால் பயப்பட வேண்டுமா?

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் இங்கே கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், அதனால் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. சென்னையில் 98, 99 காட்டும் ஆரோக்கியமான ஆளுக்கு ஊட்டியில் 94 முதல் 97 வரை காட்டினால் அது சாதாரணம். குன்னூர் 1,850 மீட்டர், கூடலூர் சுமார் 1,000 மீட்டர். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இந்த அளவு வேறுபடும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். "மலைதானே, 91 இருந்தால் பரவாயில்லை" என்று விட்டுவிடுவது ஆபத்து. 92-க்குக் கீழே வந்தால் மருத்துவருக்குச் சொல்லுங்கள். எண்ணை விட முக்கியம் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பது. காலையில் 96 இருந்தவர் மாலையில் 93 என்றால் அவருக்கு ஏதோ நடக்கிறது. பல வருஷமாக 92-லேயே நடமாடும் நாள்பட்ட நுரையீரல் நோயாளி அதே 92-ல் இருந்தால் அது வேறு கதை. விறகடுப்புப் புகையிலேயே காலம் கழித்த பாட்டிமார்களில் இப்படிப் பலர் உண்டு. அவர்களுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுக்கவும் கூடாது. பொதுவாக 88 முதல் 92 வரை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், மருத்துவர் எழுதிய அளவைத் தாண்ட வேண்டாம்.

ஆக்சிமீட்டர் எண்ணே காட்டவில்லை, அல்லது 78 என்று காட்டுகிறது. ஆனால் நோயாளி சிரித்துப் பேசுகிறார். என்ன செய்வது?

விரலைத் தொட்டுப் பாருங்கள். பனிக்கட்டி மாதிரி இருக்கும். குளிரில் விரல் நுனிக்கு ரத்த ஓட்டம் சுருங்கிவிடுவதால் கருவிக்குத் துடிப்பு சரியாகக் கிடைக்காது. கையை உங்கள் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடேற்றி, இன்னொரு விரலில் அல்லது காது மடலில் மாட்டி, அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பும் நீங்கள் மணிக்கட்டில் எண்ணும் துடிப்பும் ஒத்துப்போனால்தான் அந்த சாச்சுரேஷனை நம்பலாம். நகப்பாலிஷ், மருதாணி, கொழுந்து பறித்துக் கறுத்துப்போன விரல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டோ விரலை மாற்றியோ பாருங்கள்.

நகத்தை அழுத்திவிட்டு நிறம் திரும்புவதைப் பார்க்கும் சோதனைக்கும் இதே சிக்கல் உண்டு. இரண்டு வினாடிக்குள் திரும்ப வேண்டும் என்பது சூடான கைக்குச் சொன்ன கணக்கு. சந்தேகமாக இருந்தால் நெஞ்செலும்பின் மேல் ஐந்து வினாடி அழுத்திப் பாருங்கள். கறுத்த தோலில் நீலம் பாய்ந்திருப்பது நகத்தில் சரியாகத் தெரியாது. நாக்கையும் உதட்டின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான ஆபத்து ஒன்று உண்டு. கருவி 98 காட்டும், ஆள் செத்துக்கொண்டிருப்பார். குளிருக்காக மூடிய அறைக்குள் அடுப்புக்கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் இறந்துபோன செய்திகள் ஊட்டிப் பக்கமும் கொடைக்கானல் பக்கமும் வந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்ட ரத்தத்தையும் ஆக்சிஜன் ஒட்டிய ரத்தத்தையும் சாதாரண ஆக்சிமீட்டரால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே அறையில் தூங்கிய இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி, வாந்தி, குழப்பம் என்றால் எண்ணைப் பார்க்காதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்து வெளியே கொண்டுவந்து, மாஸ்க்கில் முழு அளவு ஆக்சிஜன் போட்டு, மருத்துவரைக் கூப்பிடுங்கள். "ராத்திரி கணப்பு மூட்டினீர்களா?" என்ற கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும். அவர்களுக்குச் சொல்லத் தோன்றாது.

மூச்சு எண்ணுவது இவ்வளவு முக்கியமா? எல்லார் சார்ட்டிலும் 20 என்றுதானே இருக்கிறது?

அதுதான் பிரச்சினையே. பன்னிரண்டு கட்டிலிலும் 20, 20, 20 என்று இருக்கும் சார்ட்டைப் பார்த்தால் யாரும் எண்ணவில்லை என்று உடனே தெரிந்துவிடும். நோயாளியின் நிலை சரியத் தொடங்கும்போது பல சமயம் பி.பி.க்கு முன்னால் மாறுவது மூச்சு எண்ணிக்கைதான். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20. 25-ஐத் தொட்டால் காத்திருக்க வேண்டாம்.

எண்ணும் விதம் இது. மணிக்கட்டில் பல்ஸ் பார்ப்பதுபோல் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கையை அப்படியே அவர் வயிற்றின் மேல் வைத்து, ஒரு முழு நிமிடம் கை ஏறி இறங்குவதை எண்ணுங்கள். கம்பளி போர்த்தியிருந்தாலும் இப்படி எண்ணலாம். "மூச்சு எண்ணப் போகிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள், சொன்ன அடுத்த நொடி அவர் மூச்சை மாற்றிவிடுவார்.

குழந்தைகளுக்குச் சட்டையைத் தூக்கிப் பார்த்தே எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 என்றால் அது வேக மூச்சு. விலாவுக்குக் கீழே உள்ளே இழுத்தால் நிமோனியா கடுமையாக இருக்கலாம். மழைக்காலத்தில் தேவாலா, பந்தலூர் பக்கத்திலிருந்து "வெறும் சளிதான்" என்று வரும் பிள்ளைகளிடம் இதைப் பார்க்காமல் விட வேண்டாம்.

ஸ்வெட்டரைச் சுருட்டிவிட்டு பி.பி. பார்க்கலாமா?

கூடாது. ஸ்வெட்டரின் மேலேயே சுற்றினால் அளவு தவறும். முழங்கைக்கு மேல் இறுக்கமாகச் சுருட்டிவிட்டால் அதுவே கயிறு மாதிரி கையை அழுத்தும், அப்போதும் தவறும். ஒரு கையை ஸ்வெட்டரிலிருந்து முழுசாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கை இதய மட்டத்தில் தாங்கி இருக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், பேச்சு கூடாது.

ஐந்து நிமிட ஓய்வு என்று புத்தகம் சொல்லும். பஸ் ஸ்டாண்டிலிருந்து மேடேறி மூச்சிரைக்க வந்தவருக்கு ஐந்து போதாது என்பது என் கருத்து. டீ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இந்த ஊரில் அதைக் கேட்காமல் பார்க்கவே கூடாது. குளிரும் பி.பி.யைக் கூட்டும். ஒரு தடவை 150 வந்தவுடன் "உங்களுக்கு பிரஷர் இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். வேறு வேறு நாள் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவர் சொல்வார். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு எஸ்டேட் லைன் வீடுகளிலேயே வந்து பார்க்கிறார்கள். அந்தச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், வீட்டில் எடுத்த அளவு நமக்குப் பெரிய உதவி.

கர்ப்பிணிக்கு மட்டும் இந்த நிதானம் கிடையாது. 20 வாரத்துக்குப் பிறகு 140/90 வந்து, கூடவே தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம்.

காய்ச்சல் இல்லை என்றால் தொற்று இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

முடியாது. வயதானவர்களுக்குக் கடுமையான தொற்றில் வெப்பம் ஏறாமல் இறங்கவும் செய்யும். குளிர் ஊரில் "கை கால் ஜில்லுன்னு இருக்கு, கிளைமேட்தான்" என்று அதைத் தள்ளிவிடுவது சுலபம். வெப்பம் 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, மூச்சு 22 அல்லது அதற்கு மேல், மேல் பி.பி. 100 அல்லது அதற்குக் கீழே, பேச்சில் திடீர்க் குழப்பம் என்று இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் ரத்தத்தில் தொற்று பரவியிருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். 35 டிகிரிக்குக் கீழே போனால் அது குளிர் பாதிப்பு. ஈரத்துணியைக் கழற்றி, நெஞ்சையும் வயிற்றையும் முதலில் சூடாக்குங்கள். கைகாலைப் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

பிறந்த குழந்தைக்குக் குளிர் பிடித்திருக்கிறதா என்று தெர்மாமீட்டர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் கையை முதலில் சூடாக்கிக்கொண்டு, புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொடுங்கள். இரண்டும் கதகதப்பாக, பாதம் இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடு, பாதம் குளிர் என்றால் குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது. இரண்டுமே குளிர்ந்திருந்தால் அவசரம். தெர்மாமீட்டரில் 36.5 முதல் 37.5 வரை சரியான அளவு.

துணிமூட்டையாகச் சுற்றுவதை விட அம்மாவின் வெற்று நெஞ்சோடு குழந்தையை ஒட்ட வைத்து, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்துவது நல்லது. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, டயப்பர் மட்டும் போதும். அப்பா நெஞ்சிலும் வைக்கலாம், பாட்டி நெஞ்சிலும் வைக்கலாம். குழந்தையின் பக்கத்தில் வெந்நீர்ப் பையோ கணப்போ வேண்டவே வேண்டாம். முதல் நாளே குளிப்பாட்ட வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால் பொறுமையாகப் பேசுங்கள், ஒரு நாளாவது தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

நியூஸ்2 மதிப்பெண் அட்டையை இங்கே அப்படியே பயன்படுத்தலாமா?

மூச்சு, சாச்சுரேஷன், பி.பி., பல்ஸ், நினைவு, வெப்பம் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி, நோயாளியின் நிலை சரிவதைக் கண்டுபிடிக்கும் முறை அது. லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-ல் வெளியிட்டு 2017-ல் திருத்தியது. கூட்டல் 5 வந்தால் மருத்துவர் உடனே பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசரம். அதில் சாச்சுரேஷன் 96 இருந்தால்தான் பூஜ்யம், 94-95 இருந்தாலே ஒரு மதிப்பெண். அப்படியானால் ஊட்டியில் நன்றாக இருக்கும் ஒருவர் கட்டிலில் படுத்ததுமே ஒரு மதிப்பெண்ணோடு தொடங்கலாம்.

அதற்காக அட்டையை ஒதுக்காதீர்கள், நாமாக எண்ணை மாற்றவும் வேண்டாம். அனுமதித்த அன்று அவருடைய வழக்கமான அளவு என்ன என்று குறித்து வையுங்கள், அடுத்தடுத்த மதிப்பெண்ணை அதோடு ஒப்பிடுங்கள். ஒன்றிலேயே நிற்கிற ஆளும் ஒன்றிலிருந்து நாலுக்குப் போன ஆளும் ஒன்றல்ல.

நோயாளி பேசும் மொழி எனக்குத் தெரியாது. நினைவு நிலையை எப்படி மதிப்பிடுவது?

நல்ல கேள்வி, நீலகிரியில் இது தினசரிப் பிரச்சினை. கோத்தகிரிப் பக்கம் ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) வரும் பாட்டி படுகு மொழி பேசுவார். கூடலூரில் மலையாளமும் பணியர் மொழியும். எஸ்டேட்டில் இப்போது வடமாநிலத் தொழிலாளர்கள். நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோல் 1974-ல் வந்தது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15, ஒன்றுமே இல்லை என்றாலும் 3. கண்ணுக்கும் அசைவுக்கும் மொழி பெரிதாகத் தேவையில்லை. பேச்சில்தான் சறுக்குவோம். "இது என்ன இடம், என்ன மாசம்?" என்ற தமிழ்க் கேள்விக்கு விழித்துக்கொண்டிருந்தால் குழப்பம் என்று 4 போட்டுவிடுவோம். அவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

கூட வந்தவரை அவர்கள் மொழியில் கேட்கச் சொல்லுங்கள். "பதில் சரியா?" என்பதோடு "எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?" என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். யாரும் இல்லை என்றால் மொழி காரணமாகப் பேச்சை மதிப்பிட முடியவில்லை என்று எழுதிவிட்டு, கண், அசைவு மதிப்பெண்ணைத் தனித்தனியாகக் குறியுங்கள். மொத்தம் மட்டும் எழுதினால் அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஒன்றும் புரியாது. மொத்தம் 8 அல்லது அதற்குக் கீழே என்றால் மூச்சுப் பாதையைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

"ஒண்ணுமில்ல சிஸ்டர், லேசா வலி" என்கிறவரை நம்பலாமா?

கொழுந்து பறிக்கும் பெண்களிடம் இந்த "ஒண்ணுமில்ல" அதிகம். ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. பூஜ்யத்திலிருந்து பத்து வரை எவ்வளவு என்று கேட்டால் "ரெண்டு" என்பார்கள். அதனால் எண்ணோடு நிறுத்தாமல் வேலையைக் கேளுங்கள். கூடையை முதுகில் மாட்ட முடிகிறதா, இருமினால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாரா, ராத்திரி தூக்கம் வந்ததா? முகத்தைப் பார்த்துக்கொண்டே வயிற்றை அழுத்துங்கள், வாய் மறைப்பதை முகம் மறைக்காது.

அரிவாள் செல் நோயாளி வலியில் துடிக்கிறார், ஆனால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. நிஜமான வலிதானா?

நிஜம். நான் பார்த்த வலிகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று. இந்தியாவில் இந்த நோயின் தடயம் முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களிலிருந்து யாராவது கைகால் வலி, முதுகு வலி என்று வந்தால் "உங்க வீட்டில யாருக்காவது இந்த நோய் இருக்கா, கார்டு இருக்கா?" என்று கேட்பது இங்கே அடிப்படைக் கேள்வி. 2023 ஜூலையில் மத்திய அரசின் அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கிய பிறகு பரிசோதனை அட்டை கொடுக்கிறார்கள்.

ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு வளைந்து விறைத்து, சின்ன ரத்தக்குழாய்களை அடைக்கும். அடைபட்ட இடத்துக்கு ரத்தம் போகாததுதான் வலி. குளிர், நீர்ச்சத்துக் குறைவு, தொற்று, அதிக உழைப்பு எல்லாம் தூண்டிவிடும். அதனால் பராமரிப்பு என்பது சூடு, தண்ணீர், வலிமருந்து. போர்த்திவிடுங்கள், குடிக்கக் கொடுங்கள், டிரிப்ஸ் அளவை மருத்துவர் சொன்னபடி ஓடவிடுங்கள், எழுதிய வலிமருந்தை நேரம் தவறாமல் கொடுங்கள். ஐஸ் ஒத்தடம் கூடவே கூடாது. காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சலாக எடுக்கக் கூடாது, மண்ணீரல் ஏற்கெனவே பழுதாகியிருப்பதால் தொற்று வேகமாகப் பரவும். காய்ச்சலோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், சாச்சுரேஷன் இறக்கம் சேர்ந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பேச்சு குழறினாலோ ஒரு பக்கம் கை விழுந்தாலோ பக்கவாதம். சின்னப் பிள்ளைக்கும் இந்த நோயில் பக்கவாதம் வரும்.

"அடிக்கடி வந்து ஊசி கேக்கறான்" என்ற பேச்சு வார்டில் அடிபடும். அதில் சேராதீர்கள்.

தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டு வந்தவரிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்குத் தோட்டங்களிலிருந்து வருவார்கள். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். எச்சில், கண்ணீர், வியர்வை, வாந்தி, பேதி, மெதுவான நாடி, தசைத் துடிப்பு. இவை சேர்ந்தால் பெரும்பாலும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து விஷம். முதலில் நீங்கள் கையுறை போடுங்கள். துணி முழுவதையும் கழற்றிப் பையில் கட்டி, சோப்புப் போட்டுத் தோலையும் தலைமுடியையும் கழுவுங்கள். வெந்நீர் இல்லாத வார்டில் இதைத் தள்ளிப்போடும் ஆசை வரும். தோல் வழியாக விஷம் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சளியை உறிஞ்சி எடுத்து மூச்சுப் பாதையைச் சுத்தமாக வையுங்கள், அட்ரோபின் (இதற்கான மாற்றுமருந்து) தயாராக இருக்கட்டும். மருந்து டப்பாவைக் கொண்டுவர ஓர் ஆளை அனுப்புங்கள். விபத்தா, வேண்டுமென்றே குடித்ததா என்பதைக் கூட்டத்தின் நடுவில் கேட்காதீர்கள்.

அட்டைக்கடி, நாய்க்கடி, பாம்புக்கடி?

அட்டையைப் பிடித்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுங்கள். அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் வைக்கும் பொருள் இருப்பதால் ரத்தம் வெகுநேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திக் கட்டினால் போதும்.

நாய்க்கடிக்கு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதுதான் முதல் மருந்து. தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் நிறுத்தக் கூடாது. மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இந்த நோயோடு போராடும் இடம். அப்படிப்பட்ட மாவட்டத்தில் ஊசித் தவணையைப் பாதியில் விட்டு யாரும் சாகக் கூடாது.

பாம்புக்கடிக்குக் கயிறு, துணியால் இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். மோதிரம், மெட்டி, வளையலைக் கழற்றி, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். வீக்கம் எங்கே வரை என்று பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். கண் இமை தொங்குகிறதா, பேச்சு மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மருத்துவமனையில் உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று பார்ப்பது நம் வேலை.

அப்பா படுத்த படுக்கை. குளிருக்கு வெந்நீர்ப் பை வைக்கலாமா?

சர்க்கரை நோயாளியா? பக்கவாதம் வந்து ஒரு பக்கம் உணர்ச்சி இல்லாதவரா? அப்படியானால் வேண்டாம். சூடு அவருக்குத் தெரியாது, காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் உங்களுக்குத் தெரியும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். படுக்கையைப் பையால் முன்கூட்டியே சூடாக்கி, அவர் படுக்கும் முன் பையை எடுத்துவிடுங்கள். காலுக்குத் தளர்வான கம்பளி சாக்ஸ் போடுங்கள்.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுங்கள். வால் எலும்பு, இடுப்பு, குதிகால், தோள்பட்டை, தலையின் பின்பக்கம் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சுற்றியுள்ள தோலை விடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. ஜூன், ஜூலை மழையில் துணி காயாமல் ஈரப்பதத்தோடு விரித்துவிடுவீர்கள், பாதிப் புண் அதனால்தான். காய்ந்த விரிப்பு இரண்டு எப்போதும் தனியாக இருக்கட்டும்.

அம்மாவுக்கு இதயம் பலவீனம் என்றார்கள். வீட்டில் நாங்கள் எதைப் பார்த்துக்கொள்வது?

எடை. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதே மாதிரித் துணியோடு. மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். மருத்துவரிடம் சொல்லுங்கள். சாக்ஸைக் கழற்றும்போது கணுக்காலில் ஆழமாகத் தடம் விழுகிறதா, நேற்று ஒரு தலையணையில் தூங்கியவர் இன்று இரண்டு கேட்கிறாரா, ராத்திரி எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாரா? ஊறுகாயும் கருவாடும் குறையட்டும். "குளிர் நேரத்துல அடிக்கடி ஒண்ணுக்குப் போகுது" என்று நீர் மாத்திரையை அவராகவே நிறுத்திவிடுவது இங்கே வழக்கம். மாத்திரையைக் காலையிலேயே கொடுத்தால் ராத்திரி தொந்தரவு குறையும்.

சுகர் பார்க்க விரலில் ரத்தமே வரவில்லை. இன்சுலினை எங்கே வைப்பது?

கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைத்து, தொங்கவிட்டு, விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். பிதுக்கிப் பிதுக்கி எடுக்காதீர்கள். 70-க்குக் கீழே என்றால் விழுங்க முடிகிறவருக்கு மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில், ஃபிரீசரை ஒட்டாமல் இருக்க வேண்டும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் ஜன்னல் ஓரத்தில் வைக்க வேண்டாம். ஒரு தடவை உறைந்த இன்சுலினை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது, தூக்கிப் போடுங்கள்.

தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் கை கழுவ வேண்டுமா?

வேண்டும். கையில் அழுக்கோ ரத்தமோ இல்லை என்றால் ஆல்கஹால் திரவம் போதும், 20 முதல் 30 வினாடி. பேதி நோயாளிக்கு மட்டும் சோப்பும் தண்ணீரும்தான். வெடித்துப்போன கைக்கு டியூட்டி முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

"கீழே" அனுப்பும்போது செவிலியர் எதைத் தயார் செய்ய வேண்டும்?

கீழே என்றால் கோயம்புத்தூர். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகும் சிலரை அனுப்பத்தான் வேண்டியிருக்கிறது. குன்னூர் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மழையில் மண் சரிந்தாலோ மே மாத சீசனில் வண்டி நின்றாலோ கணக்கு தப்பும்.

ஆக்சிஜனை முதலில் கணக்குப் போடுங்கள். 1,500 லிட்டர் இருக்கும் சிலிண்டரில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 150 நிமிடம்தான். வழக்கமான பயண நேரத்தைப் போல இரண்டு மடங்குக்குக் கையில் இருக்கட்டும். கூடலூரிலிருந்து ஊட்டி வழியாகக் கோவை போகும் நோயாளி இறங்குவதற்கு முன் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறார். ஏற ஏற சாச்சுரேஷன் இறங்கும், அதற்குத் தயாராக இருங்கள். இறங்கும்போது நேர்மாறு. காற்று அடர்த்தியாகி எண் தானாக ஏறும், அதைப் பார்த்து நோயாளி தேறிவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டிருந்தால் அதன் பலூனில் உள்ள காற்று மேட்டுப்பாளையம் போவதற்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். கசிவுச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்து பலூன் அழுத்தத்தை மறுபடி சோதியுங்கள்.

வளைவுகளில் வாந்தி வரும். நினைவு குறைந்தவரை முடிந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், உறிஞ்சு கருவி கைக்கு எட்டட்டும். கேனுலா (நரம்பில் மருந்து ஏற்றப் போடும் சின்னக் குழாய்) இரண்டு போட்டு நன்றாக ஒட்டுங்கள், ஓடும் வண்டிக்குள் குளிர்ந்த கையில் நரம்பு தேடுவது கஷ்டம். கிளம்பும் முன் யூரின் பேக்கைக் காலிசெய்து அளவு எழுதுங்கள். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வந்திருக்க வேண்டும்.

பிறகு, எதிர்முனைக்குப் போன். யார் பேசுகிறேன், நோயாளி யார், இப்போது என்ன பிரச்சினை, முன்கதை என்ன, நான் பார்த்தது என்ன, உங்களிடம் என்ன வேண்டும் என்ற வரிசையில் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடியும். கொடுத்த மருந்து, அளவு, நேரம், அலர்ஜி, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், வழக்கமான சாச்சுரேஷன், இந்த அளவுகள் எந்த ஊரில் எடுத்தவை என்பதையும் தாளில் எழுதி அனுப்புங்கள். பர்லியாரைத் தாண்டும்போது ஒரு தடவை, மேட்டுப்பாளையத்தில் ஒரு தடவை பல்ஸ், மூச்சு, பி.பி. பார்த்து அதே தாளில் நேரத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். கூடப் போகும் உறவினரின் போன் நம்பரையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், மலைப்பாதையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.